தெருவில் தியான மையம்: எதை எதிர்ப்பது, எதை எதிர்க்கக் கூடாது

கேள்வி:

கோவைக்கு வடக்கே ஒரு மனைப்பிரிவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் குறுக்குத் தெரு ஒன்றில் அடுத்தடுத்த 2 மனைகளை ஒரு தியான அமைப்பு வாங்கியிருக்கிறது. கீழ்த்தளத்தில் 150 பேர் அமரும் தியானக் கூடமும், மேல்தளத்தில் வகுப்பறைகளும் வெளியூர் அன்பர்கள் தங்க 6 அறைகளும் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். தெருவோ 30 அடிதான். செய்தி தெரிந்த நாளிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. வாகன நெரிசல், தண்ணீர், வெளியாட்கள் நடமாட்டம் என்கிறார்கள் சிலர். "சாமியார் கூட்டம், பிள்ளைகளை மூளைச்சலவை செய்துவிடும்" என்கிறார்கள் வேறு சிலர். மனை விலை விழுந்துவிடும் என்ற கவலையும் உண்டு. அவசரப் பொதுக்குழு கூட்டி எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம்; ஆட்சியருக்கு மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டுமான லாரிகளை நுழைவாயில் கதவிலேயே மறித்துவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி இந்த மையத்தைத் தடுக்க முடியுமா? தடுப்பது நியாயமா? என் துணைவியார் சில ஆண்டுகளுக்கு முன் இதே அமைப்பின் வகுப்புகளுக்குச் சென்றவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் யாருக்கும் அது தெரியாது.

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நகரமைப்பு ஆலோசகன் என்ற முறையில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வருவது தியான மையம் என்பதற்காக அதை உங்களால் தடுக்க முடியாது. அந்தக் காரணத்துக்காகத் தடுக்க முயல்வதும் முறையல்ல. ஆனால், நாள்தோறும் பலர் வந்துபோகும் ஒரு கட்டடம் 30 அடித் தெருவில் வரலாமா, வரலாம் என்றால் எந்த அளவில், எந்த நிபந்தனைகளோடு வரலாம் என்று கேட்க உங்கள் தெருவில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதுவதுதான் பெரும்பாலான சங்கங்கள் செய்யும் தவறு. "மூளைச்சலவை" என்று ஒரு வரி மனுவில் இருந்தால் போதும், அதைப் படிக்கும் அதிகாரியும் பின்னாளில் நீதிபதியும் வாகன நிறுத்தம் பற்றிய உங்கள் பத்து வரிகளையும் சாக்குப்போக்காகவே எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காதது ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை உங்களில் யாராவது பார்த்தீர்களா? 150 பேர், 6 அறைகள் என்பதெல்லாம் யாரோ சொல்லக் கேட்டதாகவே தெரிகிறது. தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. எதை எதிர்த்து என்பதற்கான ஆவணம் மட்டும் கையில் இல்லை. ஆகவே மனுவைச் சில வாரங்கள் தள்ளிவைத்துவிட்டு, காகிதங்களைத் திரட்டுங்கள். உங்கள் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை வழங்கிய ஒப்புதல் ஆணையும் வரைபடமும், அந்த 2 மனைகளின் கிரயப் பத்திர நகல், கோவை உள்ளூர் திட்டக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண்ணுக்கு ஒதுக்கப்பட்டுள்ள நிலப் பயன்பாடு, கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்ற தகவல் ஆகியவை வேண்டும். கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். மற்றவற்றை 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. கேட்கும்போது "மேற்படி அமைப்பின் சட்டவிரோதக் கட்டுமானம் குறித்து" என்றெல்லாம் எழுத வேண்டாம். புல எண், மனை எண், விண்ணப்பத்தின் நிலை, கோரப்பட்ட பயன்பாடு ஆகியவற்றைக் கேட்டால் போதும்.

கோரப்பட்ட பயன்பாடு என்ன என்பதுதான் இதில் உயிர்நாடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, எந்தப் பயன்பாட்டுக் கட்டடத்துக்கு எவ்வளவு அகலமான சாலை வேண்டும், எத்தனை வாகனங்களுக்கு உள்ளேயே இடம் விட வேண்டும், பக்கத்து எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று தனித்தனியே வரையறுத்திருக்கின்றன. வீட்டுக்குப் பொருந்தும் அளவு, மக்கள் கூடும் அரங்கத்துக்குப் பொருந்தாது. விதிப்படியே கட்டுகிறேன் என்று விண்ணப்பதாரரே சான்றளிக்கும் சுயசான்று முறையை 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. அதில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடுகிறது. அது குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டுமே உரிய சலுகை. மனைக்கு ஒன்றாக இரண்டு "வீடு"களுக்கு இப்படி அனுமதி வாங்கி, நடுச்சுவர் இல்லாமல் ஒரே கூடமாகக் கட்டிக்கொள்ளும் வழக்கம் தியான அமைப்புகளிடம் மட்டும் அல்ல, டியூஷன் மையம் முதல் விருந்து மண்டபம் வரை எல்லாரிடமும் இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டிய இடம் அது என்றுதான் சொல்கிறேன்.

அந்த நிலப் பயன்பாட்டில் இத்தகைய கட்டடத்துக்கு இடமில்லை என்றால், அவர்கள் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோர வேண்டியிருக்கும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். சாதாரணக் கட்டட அனுமதிக்கு அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்கும் நடைமுறை நம்மிடம் இல்லை என்பதால், அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அந்தக் கெடு தேதியைத் தவறவிடக் கூடாது.

அடுத்து, ஆட்சியருக்கு மனு என்கிறீர்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொது வழிபாட்டுக்கோ சமய நோக்கத்துக்கோ ஒரு கட்டடம் கட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1972-ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகளிலும் அது இருந்தது. பொது அமைதிக்குக் குந்தகம் வரும் என்று கருதினால் ஆட்சியர் அனுமதி மறுக்கலாம். வீட்டில் குடும்பத்தோடு பிரார்த்தனை செய்வதற்கு இந்த விதி குறுக்கே நிற்பதில்லை. அந்த வீட்டையே நிரந்தரமாகக் கூட்டு வழிபாட்டுக்கு உரிய கூடமாக மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஜெபக்கூட வழக்குகள் பல இந்தக் கோட்டின் மேல்தான் நின்றன.

தியானம் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்? உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியை நம் பக்கத்து ஊரை வைத்தே விசாரித்திருக்கிறது. ஆரோவில் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து எஸ்.பி. மிட்டல் தொடுத்த வழக்கு அது. ஆரோவிலுக்கு அடிப்படையான ஸ்ரீ அரவிந்தரின் போதனை சமயமா, தத்துவமா என்ற வாதம் எழுந்தபோது, அது சமயம் அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1982-இல் முடிவு செய்தார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தக் கருத்தில் மாறுபட்டார். அத்தனை பெரிய அமர்விலேயே ஒருமித்த கருத்து இல்லாத விஷயத்தை உங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு தீர்த்துவிட முடியாது; தீர்க்கவும் வேண்டாம். நடைமுறையில் பாருங்கள். கூடத்தில் விக்கிரகமோ, குருவின் பாதுகையோ, படத்துக்கு ஆரத்தியோ, பொதுமக்கள் வந்து வணங்கும் ஏற்பாடோ இருந்தால் "சமய நோக்கம்" என்ற வாதத்துக்கு இடமுண்டு. வெறும் பாயும் விரிப்பும் மூச்சுப் பயிற்சி வகுப்பும் என்றால் அது கல்விக்கூடம் அல்லது கூட்ட அரங்கம் போன்றது. அமைப்பு தன் விண்ணப்பத்தில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ, அதற்குரிய விதியைப் பொருத்தும்படி கேளுங்கள். சமய அமைப்பு என்று உரிமை கோரினால் ஆட்சியரின் அனுமதி எங்கே என்று கேட்கலாம். சமயம் அல்ல என்று சொன்னால் மற்ற எந்தப் பொது அரங்கத்துக்கும் உள்ள நிபந்தனைகள் அவர்களுக்கும் பொருந்தும். எப்படியானாலும் அது கட்டடம் பற்றிய கேள்வியே தவிர, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைக்கிறார்கள் என்பது பற்றிய கேள்வி அல்ல.

"பொது அமைதிக்குக் குந்தகம்" என்ற சொற்றொடரைப் பார்த்ததும் சில சங்கங்களுக்கு ஓர் யோசனை தோன்றும். நாம் நாலு நாள் சாலையில் உட்கார்ந்தால் அதுவே அமைதிக் குலைவாகிவிடும், அதைக் காட்டி அனுமதியை மறுக்கச் சொல்லலாம் என்று. தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். எதிர்ப்பவரே கலவரத்தைக் கிளப்பிவிட்டு, அதையே காரணமாகக் காட்டி மற்றவரின் உரிமையைப் பறிக்கலாம் என்றால் சட்டம் என்று ஒன்று இருப்பதில் பொருளில்லை. பெரம்பலூர் மாவட்டம் வ. களத்தூரில் கோயில் ஊர்வலம் செல்வதை ஊரின் மற்றொரு சமயத்தார் எதிர்த்த வழக்கில், 2021 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த எதிர்ப்பைக் கடுமையாகவே நிராகரித்தது. ஓர் இடத்தில் ஒரு சமயத்தார் பெரும்பான்மையாக இருப்பதால் மற்றவரின் வழிபாட்டைத் தடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாட்டின் வேறு பகுதிகளில் அவர்களும் அதே நிலைக்கு ஆளாவார்கள் என்பதே அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. அரசியலமைப்பின் 25, 26-ஆம் பிரிவுகள் தரும் சுதந்திரம் பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்பது உண்மை. அக்கம்பக்கத்தாரின் பிரியத்துக்கு உட்பட்டது என்று அங்கே எழுதப்படவில்லை.

குடியிருப்போர் சங்கமே வாதியாக நின்று வென்ற வழக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு அது அதிகம் பயன்படும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெபக்கூடம் ஒலிபெருக்கியும் டிரம்மும் கிட்டாருமாக வழிபாடு நடத்தியது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. மற்றவரின் நிம்மதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் கொட்டியும் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைத் தங்கள் மனுக்களில் மேற்கோள் காட்டாத நலச் சங்கமே இல்லை எனலாம். ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சங்கம் கேட்டது ஒலியைக் குறைக்க வேண்டும் என்று. ஜெபக்கூடமே அங்கே இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மேலும், அங்கே ஒலி அளவெடுத்துப் பார்த்தபோது, சத்தத்துக்கு ஜெபக்கூடம் மட்டும் காரணமல்ல, நெடுஞ்சாலை வாகனங்களின் பங்கும் இருக்கிறது என்று தெரியவந்தது. அளந்து பார்க்காமல் குற்றம் சாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் செய்தியே போதும்.

ஒலி பற்றிய விதிகள் தெளிவானவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தியான அமைப்பினர் பொதுவாக இந்த வரம்பைத் தொடமாட்டார்கள். அமைதி கெட்டால் முதல் நட்டம் அவர்களுக்குத்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்தில் இதே போன்ற தகராறு ஒன்று நடந்தது. கடைவளாகம் ஒன்றில் இயங்கிவந்த தாய்லாந்து பௌத்தத் தியானக் குழு, பிரதான சாலையின் இரைச்சலில் தியானம் செய்ய முடியவில்லை என்று ஆற்றோரக் குடியிருப்புப் பகுதி ஒன்றில் மையம் அமைக்க 2015-இல் அனுமதி கேட்டது. போக்குவரத்து, தெருவின் இயல்பு கெடும் என்றெல்லாம் சொல்லி அண்டை வீட்டார் திரண்டு எதிர்த்தார்கள். நகரம் அனுமதி மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. அந்த நாட்டுச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. ஆனாலும் இரண்டு தரப்பும் கேட்டது ஒரே பொருளைத்தான், அமைதியைத்தான், என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலமும் அதுவே.

இனி உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். அது வாகனமும் கூட்டமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, நாடாவோடு நீங்களும் இன்னும் இருவரும் அந்தத் தெருவில் இறங்குங்கள். வரைபடத்தில் 30 அடி. நேரில் பார்த்தால் இரண்டு பக்கமும் வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு இறங்கும் சிமென்ட் சாய்தளம் மூன்று நான்கு அடி எடுத்துக்கொண்டிருக்கும். அதை அடுத்து ஒரு மின்கம்பம், சுற்றுச்சுவருக்கு வெளியே வைத்த செம்பருத்திச் செடி, உறை போட்டு மூடிய கார். எல்லாம் போக நடுவில் ஒரு கார் போகவும் எதிரே ஒரு இருசக்கர வாகனம் ஒதுங்கவும்தான் இடமிருக்கும். இந்த அகலத்தைத் தெருவின் நான்கு இடங்களில் அளந்து, படமெடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் உள்ளே வந்து திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு இந்த ஒரு பக்கக் குறிப்பே போதும். வேறு எந்த வாதத்தையும்விட இது அதிகாரியை யோசிக்க வைக்கும். நின்றிருக்கும் கார்களில் எத்தனை உங்கள் உறுப்பினர்களுடையவை என்பதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு அதைக் கேட்கத்தான் போகிறது.

அடுத்து, 150 பேர் என்றால் எப்போது 150 பேர்? தினமும் காலை 20 பேர் நடந்து வந்து ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டுப் போவது ஒரு கதை. மாதம் இருமுறை வெளியூரிலிருந்து வேன்களில் வந்து இரண்டு நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் முகாம் வேறு கதை. இதே கோவை மாவட்டத்தில், ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோவில் இருக்கிறது. அந்த இயக்கத்தின் மனவளக்கலை மன்றங்கள் ஊர்தோறும் சாதாரணத் தெருக்களில் இயங்குகின்றன. வந்து தங்குவோருக்கு ஆசிரமம், அக்கம்பக்கத்தாருக்குத் தெருவோர மன்றம் என்ற இந்தப் பிரிவு பல அமைப்புகளிடமும் உண்டு. உங்கள் தெருவில் வரப்போவது இரண்டில் எது என்பதைத்தான் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் மன்றம் என்று தொடங்கியது ஆசிரமமாக வளரும்போதுதான் அக்கம்பக்கத்து உறவு கெடுகிறது. குறிப்பாக ஒரு நாளை மறந்துவிடாதீர்கள்: குருவின் பிறந்தநாள் அல்லது சமாதி நாள். ஆண்டு முழுவதும் ஊசி விழுந்தால் கேட்கும் மையத்தில் அன்றைக்கு ஷாமியானா, அன்னதானம், தெருமுனை வரை செருப்பு, இலை எடுக்க ஆளில்லாத மதியம் என்று எல்லாம் நடக்கும். நாள்தோறும் நடப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசாமல் எழுந்து வந்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரும் கழிவும் அப்படியே. பாதாளச் சாக்கடை உங்கள் பகுதிக்கு வரவில்லை என்றால், முகாம் நடக்கும் நாட்களில் 6 அறைகளும் 150 பேரின் கழிப்பறைப் பயன்பாடும் எந்தத் தொட்டிக்குள் போகும், லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை, மழைநீர் சேகரிப்பு எங்கே என்று கேளுங்கள். தங்கும் வசதி உண்டு என்பதால் 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் பொருந்துமா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மனை விலை விழும் என்ற கவலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எந்த அதிகாரியும் அதைக் காரணமாக ஏற்கமாட்டார், மனுவில் அது இடத்தை அடைக்கும் அவ்வளவுதான். பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் அது காவல் நிலையத்துக்கு உரியது, நகரமைப்பு அலுவலகத்துக்கு அல்ல; ஆதாரம் இல்லாவிட்டால் அதை எழுத்தில் வைப்பது அவதூறு வழக்கைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போலாகும்.

லாரியை மறிக்கும் யோசனையை இன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவின் சாலைகள், ஒப்புதலின்போதே உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டவை. நீங்கள் வைத்த கதவு, நீங்கள் சம்பளம் கொடுக்கும் காவலாளி என்றாலும் சாலை உங்களுடையது அல்ல. மறித்தால் முதல் தகவல் அறிக்கையில் பெயர் வரப்போவது அந்த இளைஞர்களுக்கு. வழக்கால் அவர்களுக்கு வேலை கிடைக்காமல் போனால் சங்கம் வேலை வாங்கித் தராது.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சற்றுக் கசப்பாக இருக்கலாம். கோவை மனைப்பிரிவுகளில் நான் போய்ப் பார்த்த பலவற்றில், பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தின் ஈசான்ய மூலையில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கும். மார்கழியில் அதிகாலை 5 மணிக்கு அதன் ஒலிபெருக்கி எல்லாரையும் எழுப்பும். உங்கள் மனைப்பிரிவில் அது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மனு போடும் முன் அதைப் பற்றி யோசியுங்கள். பூங்கா, சாலை போன்ற பொது இடங்களில் இனி வழிபாட்டுக் கட்டடங்கள் அனுமதியின்றி எழக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்றே உத்தரவிட்டிருக்கிறது. தன் சொந்த மனையில் அனுமதி கேட்டு நிற்பவரை, பூங்கா நிலத்தில் அனுமதி இல்லாமல் கட்டியவர்கள் விதி காட்டி எதிர்க்கும் காட்சி எந்த அலுவலகத்திலும் எடுபடாது. குறைந்தபட்சம் அந்த ஒலிபெருக்கியை விதிக்குள் கொண்டுவந்துவிட்டு மற்றவருக்கு விதி சொல்லுங்கள்.

இப்போது பேச்சுக்கு வழி. உங்கள் பொதுக்குழுவில் அந்த அமைப்பினர் அழைக்கப்படவில்லை என்று ஊகிக்கிறேன். அவர்களும் 2 மனைகளுக்கு உரிமையாளர்கள். சங்க விதிகளின்படி உறுப்பினராகவே தகுதி பெற்றவர்களாகவும் இருக்கலாம். கட்டட வரைபடத்தோடு அவர்களின் பொறியாளர் வரட்டும். உங்கள் தரப்பில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அதிகம் எழுதுகிறவர்கள் அந்த ஐந்து பேரில் இருக்க வேண்டாம். கேட்க வேண்டியவை மேலே சொன்னவைதான். சாதாரண நாளில் எத்தனை பேர், முகாம் ஆண்டுக்கு எத்தனை, அப்போது வாகனங்கள் எங்கே நிற்கும், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரச் செய்வார்களா, நுழைவாயில் குறுக்குத் தெருப் பக்கமா பிரதான சாலைப் பக்கமா, வெளியே ஒலிபெருக்கியோ கூம்பு ஒலிப்பானோ வருமா, ஜெனரேட்டர் யார் வீட்டுப் படுக்கையறையை ஒட்டி நிற்கும், குருவின் நாளை இங்கே கொண்டாடுவார்களா அல்லது தலைமை ஆசிரமத்திலேயே வைத்துக்கொள்வார்களா. தங்கும் அறைகளை விட்டுவிட்டு வகுப்பும் கூடமும் மட்டும் கட்ட அவர்கள் சம்மதித்தாலே உங்கள் தெருவின் கவலையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. கூடத்தையும் 150 பேர் அளவிலிருந்து குறைக்கச் சொல்லிப் பாருங்கள்; வாகன நிறுத்த விதியே அவர்களை அந்தப் பக்கம் தள்ளக்கூடும்.

ஒப்புக்கொண்டதை 100 ரூபாய் முத்திரைத்தாளில் சங்கத்துக்கும் அமைப்புக்கும் இடையே எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்காதீர்கள். நிர்வாகிகள் மாறினால் அந்தத் தாள் வெறும் தாள். அதே உறுதிமொழியை அமைப்பு தன் கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்து அதிகாரியிடம் தாக்கல் செய்யட்டும். அனுமதி ஆணையிலேயே அவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்கும்படி நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் மீறல் நடந்தால் அது அனுமதியின் மீறல் ஆகும். வாக்குத் தவறிவிட்டார்கள் என்று புலம்பும் நிலை வராது. அவர்கள் பேச வர மறுத்தால், அந்த அழைப்புக் கடிதமும் பதிவுத் தபால் ரசீதும் உங்கள் மனுவின் முதல் இணைப்பாக இருக்கட்டும்.

உங்கள் துணைவியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் அந்த வகுப்புகளுக்குச் சென்றது அவருடைய சொந்த விஷயம். அதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிரச்சினையில் சங்கத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் நீங்கள். பின்னால் எப்படியும் தெரியவரும். சமரசம் செய்தால் "வீட்டுக்காரம்மா அந்தக் கூட்டம்தானே" என்பார்கள். எதிர்த்தால் அமைப்பினர் அதையே வேறு விதமாகச் சொல்வார்கள். துணைவியாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த செயற்குழுவில் ஒரே வரியில் சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பேச்சுவார்த்தைக்குத் துணைத் தலைவரையோ வேறு ஒருவரையோ முன்னிறுத்துங்கள். அதே கூட்டத்தில், முந்தைய தீர்மானத்தை ரத்து செய்யாமலே, "உத்தேசக் கட்டடத்தின் அளவு, பயன்பாடு, வாகன நிறுத்தம், கழிவுநீர் ஆகியவை குறித்து உரிய அனுமதி விவரங்களைப் பெற்று மேல்நடவடிக்கை எடுப்பது" என்று ஒரு புதிய தீர்மானம் போடலாம். முந்தையதில் சமயம், சாமியார் போன்ற சொற்கள் இருந்தால் மட்டும், அதைத் திரும்பப் பெற்றுவிட்டு இதை நிறைவேற்றுவது நல்லது.

தகவல் உரிமைச் சட்டப் பதில் வந்ததும் மூன்றில் ஒன்று தெரியும். பொது அரங்கம் என்று முறையாக விண்ணப்பித்து விதிகளும் பொருந்தினால், நிபந்தனைகளுக்காகப் பேசுங்கள். தடை கேட்டு வழக்குப் போடுவதில் பணம்தான் விரயம். சாலை அகலமோ நிலப் பயன்பாடோ பொருந்தவில்லை என்றால், அளவுகளையும் படங்களையும் இணைத்து உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு ஆட்சேபணை எழுதுங்கள். வீடு என்று அனுமதி வாங்கிக் கூடம் கட்டுவதாகத் தெரிந்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கை கேட்டு எழுதி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகும்போது அந்த ஒப்புகைதான் முதல் ஆவணம். மூன்றாவது நிலை என்றால் பதிலின் நகலையும் அனுமதி வரைபடத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். கட்டடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எழுத வேண்டிய மனு மாறும்.